மாநிலம் மாறும் படைவீரர் குடும்பத்தினரின் தொழில் உரிமம்

அமெரிக்காவில் படைவீரரின் பணிமாற்ற ஆணையால் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் கணவரோ மனைவியோ, தொழில் உரிமத்தை முதலிலிருந்து பெற வேண்டுமோ என்று அஞ்சி அவசரமாகத் தேர்வுக்கட்டணம் செலுத்திவிட வேண்டாம். 2023 ஜனவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒழுங்கு நடவடிக்கை ஏதுமின்றி நடப்பிலுள்ள உரிமம் புதிய மாநிலத்திலும் செல்லும். ஆயினும் அது தானாக நிகழ்வதில்லை என்பதால், ஆணையின் நகல், திருமணச் சான்றிதழ், நோட்டரி சான்றளித்த உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றுடன் அங்குள்ள உரிம வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். உரிமத்தில் திருமணத்துக்கு முந்தைய பெயர் இருப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழே பெரிய துணை. பல மாநிலங்களுக்குப் பொதுவான உரிமம் பெற்ற செவிலியர்கள் அந்த உரிமத்துக்காக மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் விதிகளையே முதலில் பார்க்க வேண்டும். கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் 1,000 டாலர் வரை படைப்பிரிவிடமிருந்து திரும்பப் பெற வழியுண்டு.