வெளியீட்டுக்கு முந்திய இரவில் விதி பேசாதீர்கள்: தன்னார்வ மென்பொருள் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பியவர்களுக்கு ஒன்று, நவகிரிக் குளத்தாருக்கு ஒன்று. விதைப்புக்குக் கடைசி நாள் எது, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும், மாடுகளை வயற்பக்கத்திலிருந்து எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் அங்கே தீர்மானிப்பார்கள். சத்தம் எழாத கூட்டமே இல்லை. ஆனால் விதைநெல் சாக்கில் இருக்கும்போதே அந்தச் சத்தமெல்லாம் போட்டு முடிந்துவிடும்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பரந்திருக்கிறோம், ஒருவர் டொரொண்டோவில். சிறிய நூலகங்களில் புத்தக இரவலைப் பதியும் திறந்த மூல மென்பொருள் ஒன்றை, அதாவது நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய ஒன்றைச் செய்கிறோம். சம்பளம் யாருக்கும் இல்லை. பாதிப்பேர் வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்படியிருந்தும், புதிய பதிப்பை எப்படி வெளியிடுவது என்பதை வெளியிடும் வாரத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். முதல் தவறு அதுதான். மற்றத் தவறுகளில் பாதி அதன் பிள்ளைகள்.

வெளியீட்டு வாரத்தில் எவருக்கும் விதியில் அக்கறை இருக்காது. தன் மாற்றம் உள்ளே போகுமா என்பதில்தான் இருக்கும். “இனிப் புதிய மாற்றம் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், இன்னொருவருக்கு அது “உன் வேலை வேண்டாம்” என்று கேட்கும். அதே வசனத்தை இரண்டு மாதம் முன்னர் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் வலித்திருக்காது.

எங்களுக்கு வலித்த கதையைச் சொல்கிறேன். ஒக்டோபர் கடைசியில் ஒரு வெளியீடு. மாற்றங்களை நிறுத்தும் நாள் வாய்ப்பேச்சில்தான் இருந்தது. முதல்நாள் இரவு கல்முனைத் தம்பி திகதியை வாசிக்கும் பகுதியில் கை வைத்தான். “இரண்டே வரி அண்ணன், வேகம் கூடும்” என்றான். நானும் சேர்த்துக்கொண்டேன். சோதனைத் தரவில் இருந்த திகதிகள் எல்லாம் 25, 27, 28. மாதத்தில் பன்னிரண்டுக்கு மேல் எண் இல்லாதபடியால், புதிய வரிகள் அவற்றைச் சரியாகவே வாசித்தன. சோதனை முழுவதும் பச்சை.

நவம்பர் 5ஆம் திகதி மாலை ஒரு நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. “தம்பி, நாலாம் தரப் பிள்ளை ஒன்று இன்றைக்குத் திருப்ப வேண்டிய புத்தகத்தை இன்றைக்கே கொண்டுவந்து நிற்கிறது. 178 நாள் தாமதம் என்று காட்டுகிறதே?” 05/11 என்பதை மென்பொருள் மே 11 என்று எடுத்திருந்தது. நாளுக்கு இரண்டு ரூபாய் வீதம் 356 ரூபாய் தண்டம். பிள்ளை அழத் தொடங்கிவிட்டதாம்.

அந்த இரண்டு வரியை எழுதியவனைத் திட்டிப் பயனில்லை. மாடுகளை அப்புறப்படுத்த நாள் குறிக்காமல், வயலில் மாடு இறங்கிவிட்டது என்று மாட்டோடு சண்டை பிடிக்க முடியுமா? நிறுத்தும் நாளை எழுதிவையுங்கள். அந்த நாளுக்குப் பின் எது உள்ளே வரலாம் என்பதையும் எழுதுங்கள். எங்களிடம் இப்போது இருப்பது இது: தரவை அழிக்கும் அல்லது பிழையாகக் காட்டும் வழுவுக்கான திருத்தம் மட்டும், அதுவும் எழுதியவரல்லாத இன்னொருவர் வாசித்த பிறகு. “சின்ன மாற்றம்” என்ற சொல்லுக்கு எங்கள் குழுவில் இப்போது மதிப்பில்லை.

அடுத்தது, மௌனத்தைச் சம்மதமாக எடுப்பது. பெண் பார்க்கப் போன வீட்டுக்கு அந்தப் பழமொழி பொருந்தலாம். வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு “நாளை வெளியிடலாமா?” என்று கேட்டு, இரண்டு கட்டைவிரல் விழுந்ததும் “எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்” என்று முடிவுகட்டுவது சரியல்ல. நோன்பு காலத்தில் ஒருமுறை அப்படிச் செய்தோம். காத்தான்குடி நானா தறாவீஹ் தொழுகைக்குப் போயிருந்தார். தரவுத்தளப் பகுதி முழுவதும் அவருடையது. விடியற்காலை அவர் பார்க்கும்போது வெளியீடு முடிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் குழுவிலும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பயந்து மறுபக்கம் சாய்ந்து, எட்டுப் பேரும் ஆம் என்றால்தான் வெளியீடு என்று வைத்தோம். அது இன்னும் மோசம். ஒருவருக்குப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலை, இன்னொருவரின் வீட்டில் கல்யாணம்; ஐந்து மாதம் ஒன்றும் வெளிவரவில்லை. பல திறந்த மூலத் திட்டங்களுக்குக் குடையாக இருக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. வெளியீட்டுக்கு வாக்குரிமையுள்ளவர்களில் குறைந்தது மூன்று பேர் ஆம் என்று சொல்ல வேண்டும். இல்லை என்போரைவிட ஆம் என்போர் கூட இருக்க வேண்டும். வாக்கெடுப்பு வழமையாக 72 மணித்தியாலம் திறந்திருக்கும். முக்கியமானது, வெளியீட்டை எவரும் தனியாளாகத் தடுக்க முடியாது. நிரல் மாற்றத்துக்குத் தடை போடும் உரிமை அங்கே உண்டு, வெளியீட்டுக்கு இல்லை. எட்டுப் பேருக்கும் அந்த மூன்று போதும் என்று கண்டோம்.

திகதியையும் வசதிகளின் பட்டியலையும் ஒருசேர ஆணியடிப்பது இன்னொரு தவறு. ஒன்று அசைய வேண்டும். தன்னார்வலர் உருவாக்கும் டெபியன் இயங்குதளம் பட்டியல் பக்கம் நின்றது: ஆயத்தமானதும் வரும். 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, 3.1 வர 2005 ஜூன் ஆனது. உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளம் திகதி பக்கம்: 2004 முதல் ஆறு மாதத்துக்கொருமுறை, முடியாத வசதி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும். அவர்களும் ஒருமுறை, 2006இல், ஏப்ரல் பதிப்பை ஜூனுக்குத் தள்ளினார்கள். தன்னார்வக் குழுவுக்குத் திகதிதான் நல்லது என்பது என் எண்ணம். வெளியீடு எப்போது என்று தெரியாத இடத்தில், தன் மாற்றத்தை இந்த முறையே நுழைத்துவிட எல்லோரும் முண்டியடிப்பார்கள்.

ஆனால் அந்தத் திகதி உங்கள் ஊர் நாட்காட்டியில் இருந்து வரட்டும். ஆண்டு முடிவில் வெளியிடுவோம் என்று நாங்கள் தீர்மானித்தது எவ்வளவு மடமை என்று டிசம்பர் மழையைப் பார்த்த எவரும் சொல்வார்கள். வெள்ளம் ஏறினால் மின்சாரம் போகும். அரைவாசிப் பேர் சாமான்களை மேசைக்கு மேல் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இப்போது மார்ச், செப்டெம்பர். நோன்பு மாதம் குறுக்கிட்டால் இரண்டு கிழமை தள்ளிப்போகும். “வெள்ளி இரவு” என்றும் எழுதுவதில்லை. டொரொண்டோவின் கடிகாரம் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை.

சாவிக்கு வருவோம். வெளியீடு எங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தும் கையொப்பச் சாவியும் பதிவேற்றும் கணக்கும் ஒரே ஒரு மடிக்கணினியில் இருந்தன. அது என்னுடையது. விசைப்பலகையில் தேநீர் கொட்டிய அன்றுதான் எனக்கே பயம் பிடித்தது. இன்னொருவரிடமும் கொடுத்தால் தீர்ந்தது என்று பலர் சொல்வார்கள். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்-இசட் (XZ) என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் அவ்வளவு சுலபமில்லை என்று காட்டியது. நெடுங்காலம் ஒருவரே சுமந்த திட்டம் அது. உதவிக்கு வந்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்ட ஆளே 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்கதவு வைத்தார். அதை இயக்கிவைத்த துண்டு எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. பயனர் இறக்கும் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவிய ஆன்ட்ரஸ் பிராயண்ட் என்ற நிரலாளரால்தான் அது பிடிபட்டது.

ஆகவே சாவி இரண்டு பேரிடம் இருந்தால் மட்டும் போதாது. களஞ்சியத்தில் இருப்பதிலிருந்து இருவர் தனித்தனியே பொதியைக் கட்டி, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். எங்களுக்கு இருபது நிமிட வேலை. இரண்டாவது பொதியைக் கட்டுபவர் அக்கரைப்பற்றுத் தங்கை. என்னை நம்பாமல் இருப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை, அதை மகிழ்ச்சியோடு செய்கிறாள்.

பதிப்பு எண்ணுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். பெரிய திட்டங்களின் ஒழுங்கை அப்படியே தூக்கி வைக்கவும் வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இரண்டு கிழமை மாற்றங்களை ஏற்று, பின்னர் கிழமைக்கொரு முன்பதிப்பு விடுவார்கள். அதைச் சோதிக்க அவர்களுக்கு உலகமே இருக்கிறது. நாங்களும் விட்டுப் பார்த்தோம். மூன்றாவது முன்பதிப்பை ஒருவரும் இறக்கவில்லை. இப்போது ஒரே முன்பதிப்பு, இரண்டு நூலகங்கள், பத்து நாள்.

எல்லாம் அரைப் பக்கத்தில் எழுதிக் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறோம். பலர் எழுத மறப்பது அதன் கடைசி வரி: வெளியிட மூன்று பேர் வேண்டும், திரும்பப் பெற ஒருவர் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த நவம்பர் மாலை பழைய பதிப்புக்குத் திருப்ப எனக்கு அதிகாரம் உண்டா என்று தெரியாமல் நான்கு மணித்தியாலம் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தேன். முடிவு கிடைத்து நூலகருக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். கணினியை அப்போதே அணைத்துவிட்டாராம். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, பிள்ளையின் பெயருக்கு நேரே “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி, அடுத்த புத்தகத்தையும் கொடுத்து அனுப்பியிருந்தார்.