முழங்கால் மூட்டு விலகினால் முதலில் பாதத்தைப் பாருங்கள்

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் மாடு தள்ளி விழுந்தவரையும், காரைக்குடிச் சாலையில் இருசக்கர வண்டியோடு சாய்ந்தவரையும் தூக்க ஓடுகிறவர்கள் வீங்கிய முழங்காலையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பாதத்தை. தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது, ஜவ்வு என்று நாம் சொல்லும் தசைநார்கள் பல ஒருசேர அறுவதோடு, மூட்டின் பின்குழியில் அசைய இடமின்றிப் பிணைந்திருக்கும் பெரிய தமனியும் இழுபட்டுக் கிழியலாம் அல்லது அடைபடலாம். அப்படி நின்றுபோன இரத்த ஓட்டத்தை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால், காலையே எடுக்க வேண்டிய நிலை வரக்கூடும்.

முன்பக்கச் சில்லு மட்டும் நழுவுவது இதைவிட எளிய காயம். ஏமாற்றுவது வேறொன்று: மூட்டு விலகியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மருத்துவரைக் காணும் முன்பே அது தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. பார்வைக்குக் கால் நேராக இருக்கும். எக்ஸ்ரேயும் சரியாகவே தெரியலாம். ஆகவே பலமாக அடிபட்டு, மூட்டு எல்லாப் பக்கமும் தளர்ந்து ஆடினால், விலகல் நேர்ந்ததாகவே கொள்ளுங்கள்.

செருப்பு, கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடியை உணர்ந்து, மறுகாலோடு ஒப்பிடுங்கள். பாதம் குளிர்ந்தோ வெளிறியோ இருந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெருவிரலை மேல்நோக்கித் தூக்க முடியவில்லையென்றால் நரம்பும் அடிபட்டிருக்கலாம். நாடி துடிப்பதாலேயே தமனிக்குக் காயமில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மூட்டை இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். கால் கிடக்கும் நிலையிலேயே தலையணையும் பலகையும் கொடுத்து, பின்குழியை அழுத்தாமல் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழையுங்கள். எண்ணெய் நீவி மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் கைவைத்தியத்துக்கு இது இடமன்று. அந்தக் கட்டு மிச்சமிருக்கும் இரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், சோடா, காபி எதையும் கொடுக்க வேண்டாம். காரைக்குடியிலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்று கிளம்பும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அங்கே மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தி, அதற்கு முன்னும் பின்னும் நாடி பார்ப்பார்கள். மூட்டின் உட்புறத் தோல் குழிந்திருந்தால் வெளியிலிருந்து இழுக்காமல் அறுவை அரங்கில்தான் சரிசெய்வார்கள். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழிருந்தால், தமனியை சிடி ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதத்தில் இரத்தம் அறவே ஓடவில்லையென்றால் அதற்கும் காத்திராமல் அறுவைக்குக் கொண்டுபோவார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் 24 முதல் 48 மணி நேரம் நாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கெண்டைக்கால் கல்போல் இறுகி, விரலை அசைத்தாலே உயிர்போகும் வலி எடுத்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

ஜவ்வுகளை எம்ஆர்ஐ பார்த்து, வீக்கம் வடிந்தபின், பெரும்பாலும் 2, 3 வாரங்களில் சீர்செய்வார்கள். பிறகு இயன்முறைப் பயிற்சி ஓராண்டு வரை நீளும். செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த படிகளில் ஏறுவதையும், பந்தியில் சம்மணமிட்டு உட்காருவதையும் பயிற்சியாளர் சொல்லும்வரை தள்ளிவையுங்கள்.