கேம்கார்டர் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

கேம்கார்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "4கே (மிகத் துல்லியமான வீடியோ) எடுக்குமா?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வீட்டு உபயோகக் கேம்கார்டர்களே 4கே எடுக்கின்றன. அதை வைத்துத் தொழில்முறைக் கேமராவைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சோனி 2017இல் அறிவித்த இரண்டு கேமராக்களைப் பாருங்கள். ஏஎக்ஸ்700 வீட்டு உபயோக வரிசையைச் சேர்ந்தது. இசட்90 தொழில்முறை வரிசை. இரண்டிலும் 1 அங்குல வகை சென்சார், 12 மடங்கு ஆப்டிகல் ஜூம், உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர், இரண்டு கார்டு செருகும் வசதி. 4கே படத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. இசட்90இல் கூடுதலாகக் கிடைப்பவை கைப்பிடியில் எக்ஸ்எல்ஆர் எனும் தொழில்முறை ஒலி இணைப்புகள், படத்தைக் கேபிள் வழியாக வெளியே அனுப்பும் எஸ்டிஐ வெளியீடு, எச்டியில் வண்ணங்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் பதிவு போன்றவை. இவை உங்கள் வேலைக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

படத்துக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஒலியை மறப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுத்துக்கொள்வோம். கேமரா கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறது. அதிலுள்ள மைக்கில் நட்டுவாங்கத்தைவிட ஏசி இரைச்சலும் பார்வையாளர் பேச்சும்தான் நன்றாகப் பதியும். ஆகவே அரங்கின் மைக்குகளை ஒன்றுசேர்க்கும் ஒலி மிக்ஸரிலிருந்து கேபிள் இழுக்கிறார்கள். மிக்ஸர் தருவது லைன் சிக்னல். சிறிய கேம்கார்டரின் 3.5 மி.மீ. மைக் துளை அதைவிடப் பல மடங்கு மெல்லிய சிக்னலுக்கானது. நேரே செருகினால் பாட்டு கரகரத்துச் சிதைந்துவிடும், பிறகு முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை. எக்ஸ்எல்ஆர் உள்ள கேமராவில் 'லைன்', 'மைக்', 'மைக்+48 வோல்ட்' என்று ஸ்விட்ச் இருக்கும். மிக்ஸருக்கு 'லைன்' வைக்க வேண்டும். சில மைக்குகளுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் கூடவே கூடாது. இதற்காகவே பெரிய கேமரா வாங்க வேண்டியதில்லை. லைன் சிக்னலை ஏற்கும் தனி ஒலிப்பதிவுக் கருவியை மிக்ஸர் பக்கத்தில் வைத்து, எடிட்டிங்கில் இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆட்டோவை நம்புவது. கறுப்புத் திரைக்கு முன்னால் ஆடுபவர் மீது மட்டும் விளக்கு விழும்போது, காட்சி முழுவதும் இருட்டு என்று கருதிக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெள்ளைத் திட்டாகிவிடும், அபிநயம் தொலைந்துபோகும். தொழில்முறைக் கேமராவில் ஐரிஸை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, கைவிரலாலேயே குறைக்கலாம். சிறிய கேமராக்கள் பலவற்றில் திரையைத் தொட்டு மெனுவுக்குள் தேடுவதற்குள் ஜதி முடிந்துவிடும். கடையில் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமராவிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் விற்கும் வீட்டு உபயோகக் கேம்கார்டர்களில் பல, அந்நாட்டு 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற வேகத்தில் மட்டுமே பதிவு செய்பவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகளின் கீழ் படம் மினுமினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் அதற்கும் கையால் மாற்றும் வசதி இருக்க வேண்டும்.

குழந்தையின் பிறந்தநாளையும் குடும்பச் சுற்றுலாவையும் எடுக்கத் தொழில்முறைக் கேமரா வாங்குவதும் தவறுதான். கனமான கேமரா பெரும்பாலும் அலமாரியிலேயே கிடக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் சிறிய கேம்கார்டரே அங்கே நல்லது.

எதை வாங்கினாலும் முக்காலி, கூடுதல் பேட்டரி, கார்டு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்குச் சுமார் 45 ஜிபி ஆகும். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு 128 ஜிபி கார்டு ஒன்று போதாது.