திருவாசகம் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவாசகத்தை ஆசையோடு வாங்குவோரில் பலர் அதன் முதல் பகுதியான சிவபுராணத்தின் 95 அடிகளோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பின்னும் 50 பகுதிகள் இருக்கின்றன. சிவபுராணத்தையும் சிலர் மனப்பாட வேகத்தில் ஒப்பித்து முடிக்கிறார்கள். ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று மாணிக்கவாசகர் அதன் முடிவிலேயே வைத்த நிபந்தனை அந்த வேகத்தில் காதில் விழுவதே இல்லை.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, சீர் பிரித்து, அதாவது யாப்பின் ஓசை அளவுப்படி துண்டு துண்டாக, அச்சிட்ட பாடலை அந்த இடைவெளிப்படியே பொருள் கொள்வதுதான். நூலின் மற்றொரு பகுதியான திருச்சதகத்தின் முதற்பாட்டு, ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த் துன்விரை யார்கழற்கென்’ என்று பழைய பதிப்புகளில் இருக்கும். இதில் ‘யார்’ என்ற வினாவைக் கண்டு திகைத்து நின்றவர்களை நான் அறிவேன். இடைவெளி யாப்புக்காக விடப்பட்டது. சொற்களைப் பிரித்தால் ‘விதிர்விதிர்த்து உன் விரை ஆர் கழற்கு என்’ என்றாகி, நறுமணம் நிறைந்த உன் திருவடிக்கு என்ற பொருள் தெளிவாகும். அதே பாட்டில் ‘கை’ என்ற சொல் இருமுறை வருகிறது. தலைமேல் வைத்த கை உடலின் கை. ‘கைதான் நெகிழ விடேன்’ என்னும்போது வரும் கைக்கு ஒழுக்கம் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். அகராதியும் உரையும் பக்கத்தில் இல்லாமல் இந்த நூலுக்குள் இறங்க வேண்டாம்.

சிவபுராணத்தில் வரும் ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ போன்ற வரிகளை வெறும் பணிவுரை என்று தாண்டிச் செல்வதும் தவறே. அடுத்த அடி ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’ என்று வருகிறது. நாயும் தாயும், கடையும் சிறப்பும் எதிரெதிரே நிற்பதால்தான், அருள் எவ்வளவு தூரம் இறங்கி வந்தது என்பது புலப்படுகிறது.

முதல் வாசிப்பிலேயே கண்ணீர் வரவில்லையே என்று வருந்தி நூலை மூடிவிடுவோரும் உண்டு. அவசரம் வேண்டாம்.

மௌன வாசிப்பு மட்டும் இந்நூலுக்குப் போதாது. அம்மானை, பொன்னூசல், தெள்ளேணம் எனப் பல பகுதிகள் மகளிர் விளையாட்டுப் பாடல்களின் வடிவில் அமைந்தவை. அத்தகைய பகுதியான திருச்சாழலில் ஒருத்தி, ‘பூசுவதும் வெண்ணீறு பூண்பதுவும் பொங்கரவம்’ என்று தொடங்கி, ‘காணேடீ’ என்று சீண்ட, மற்றொருத்தி, ‘ஈசனவன் எவ்வுயிர்க்கும் இயல்பானான் சாழலோ’ என்று விடை கூறுகிறாள். வீட்டில் இருவர் அமர்ந்து, கேள்வியை ஒருவரும் விடையை மற்றவரும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.