வீட்டில் சாண்ட்பிளாஸ்டிங்: மாஸ்க் வாங்கும் முன் மணலை மாற்றுங்கள்

துருவையும் பழைய பெயின்ட்டையும் உரிக்க, காற்றழுத்தத்தால் துகளைப் பீய்ச்சுவதுதான் சாண்ட்பிளாஸ்டிங். பெயரிலேயே மணல் இருப்பதால், கம்ப்ரசரும் துப்பாக்கியும் வாங்கிய கையோடு கட்டுமான மணலைச் சலித்துக் காயவைத்து நிரப்பிவிடுபவர்கள் நிறையப் பேர். இந்த வேலையில் செய்யவே கூடாத காரியம் அதுதான். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிக்கா. அது இரும்பின் மீது வேகமாக மோதும்போது நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூசாக மாறுகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும் தூசோ பெரும்பாலும் 4 மைக்ரானுக்கும் சிறியது. அங்கே தங்கும் சிலிக்கா திசுவைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்த நோய்க்கு முழுமையான குணம் கிடையாது. ஜீன்ஸ் துணியை வெளுத்துக் காட்ட மணல் பீய்ச்சிய தொழிலாளர்கள் இளம் வயதிலேயே இந்நோய்க்கு ஆளானதால், துருக்கி 2009இல் அந்த முறையையே தடை செய்தது.

படி 1: துகளைத் தேர்ந்தெடுங்கள்

துருப்பிடித்த இரும்புக்கு என் முதல் தேர்வு அலுமினியம் ஆக்சைடு. 1 முதல் 10 வரையுள்ள மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 9 என்பதால் எளிதில் நொறுங்காது. மூடிய பெட்டிக்குள் சலித்துச் சலித்துப் பலமுறை பயன்படுத்தலாம். அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்துக்குக் கண்ணாடி மணிகள் பொருந்தும். ஆனால் காற்றழுத்தத்தை 40 முதல் 60 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வைக்காவிட்டால் மணிகள் உடைந்து தூசாகும். கண்ணாடியிலும் சிலிக்காதானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் படிக வடிவில் இல்லை, சிலிக்கோசிஸை உண்டாக்குவது படிக வடிவமே. கார்னெட் என்ற கனிமமும் நல்ல துகள்தான். சமையல் சோடா வகை பெயின்ட்டை உரிக்கும், துருவை அசைக்காது. வால்நட் ஓட்டுத்தூள், கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டாம். நிலக்கரிக் கசடும் தாமிரக் கசடும் மலிவானவை என்றாலும், அவற்றில் பெரிலியம், ஆர்செனிக் போன்றவை சிறிதளவு இருக்கக்கூடும் என்பதால் வீட்டு வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எதை வாங்கினாலும் அதில் என்ன கலந்திருக்கிறது, என்ன ஆபத்து என்று தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளை (SDS) கேட்டு வாங்கி, 3ஆம் பிரிவில் 14808-60-7 என்ற எண்ணைத் தேடுங்கள். குவார்ட்ஸுக்கு உரிய எண் அது. அதற்கு நேரே 1 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: எதை உரிக்கிறீர்கள் என்று பாருங்கள்

துகள் பாதுகாப்பானதாக இருந்தாலும், உரிந்து வரும் பூச்சு அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குறிப்பாக, பழைய இரும்பின் அடிப்பூச்சு ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சில முலாம்களில் காட்மியம் உண்டு. என்ன பூச்சு என்று உறுதியாகத் தெரியாத பொருளைச் சோதிக்காமல் பிளாஸ்ட் செய்யாதீர்கள்.

படி 3: தூசை ஒரு பெட்டிக்குள் அடையுங்கள்

தொடங்குபவர்களுக்குக் கையுறை பொருத்திய, தூசு உறிஞ்சியுடன் இணைந்த கேபினெட் ஒன்றே சரியான வழி. சாதாரண வேக்குவம் கிளீனரை இணைத்தால், நுண்தூசு அதன் பையைத் தாண்டிப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே திரும்பி வரும். நுண்தூசையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளதாக வாங்குங்கள். கசிவு இருக்கிறதா என்று அறிய, வேலை நடக்கும்போது அறை விளக்கை அணைத்து, மாஸ்க் அணிந்த இன்னொருவரை விளிம்புகளின் ஓரமாக டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளியில் புகைபோல நெளிந்தால் அங்கே கசிகிறது. என் கேபினெட்டில் கதவைத்தான் இரண்டு நாள் சந்தேகித்தேன். கடைசியில் கசிந்தது இடக்கையுறை மாட்டியிருந்த வளையத்தில். வேலையை நிறுத்தியதும் கதவைத் திறந்துவிடாமல், உள்ளே தெளியும் வரை உறிஞ்சியைச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள்.

படி 4: மாஸ்க்

கேபினெட்டைத் திறக்கும்போதும் தூசைக் கொட்டும்போதும், நுண்தூசை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கும் பி100 (P100) வகை வடிகட்டிகள் பொருத்திய, மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் அரைமுக மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க்கோ அறுவைச் சிகிச்சை மாஸ்க்கோ இதற்கு உதவாது. அணிந்தவுடன் இரு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுங்கள்; மாஸ்க் முகத்தோடு சற்று ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். பிறகு வெளிமூச்சு வால்வை மூடி ஊதுங்கள். ஓரங்களில் காற்று பிரியக் கூடாது. ஒரு நாள் தாடி இருந்தாலே இந்தச் சோதனையை நம்ப முடியாது. அழகா, நுரையீரலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

திறந்தவெளியில் பீய்ச்சுவது வேறு கதை. அரைமுக மாஸ்க் சரியாகப் பொருந்தினாலும், உள்ளே வரும் தூசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் கணக்கில் கொள்கிறார்கள். திறந்த பிளாஸ்டிங்கில் எழும் தூசுக்கு அது போதாது. அதற்கென்றே உள்ள, தோள்வரை மறைத்து வெளியிலிருந்து சுத்தமான காற்றை ஊட்டும் தலைக்கவசம் தேவை. அந்தக் காற்றைப் பட்டறைக் கம்ப்ரசரிலிருந்தே எடுத்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. அதில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரக்கூடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால், கேபினெட்டில் அடங்காத பெரிய பொருளைத் தொழில்முறைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

படி 5: சுத்தம் செய்தல்

தூசு படிந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். காற்றுக்குழாயால் சட்டையை ஊதவும் கூடாது. இரண்டுமே படிந்த தூசை மறுபடியும் கிளப்பிவிடும். ஹெப்பா வேக்குவமும் ஈரத்துணியும் போதும். உடைகளை வீட்டுக்குள் நுழையுமுன் மாற்றித் தனியாகத் துவையுங்கள். மாஸ்க்கை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கழற்றி, உள்விளிம்பை வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். மூக்கின் ஓரமாகச் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் அது பொருந்தவில்லை என்று அர்த்தம், அளவை மாற்றுங்கள். மூச்சிழுக்கக் கடினமானால் வடிகட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் தூசு உட்பக்கத்தில்தான் படியும் என்பதால், மாஸ்க்கை மூடிய பையில் போட்டு வையுங்கள்.