நல்ல ஃபர்ஸ்ட் பேஸ்மேன் யாருன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

பேஸ்பால் புதுசா பாக்குறவங்க நிறைய பேரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) எத்தனைன்னு பாத்துட்டு உடனே ரேங்க் போட்டுடுறாங்க, அப்படிப் போட்டா ஆல்பர்ட் பூஹோல்ஸ் 703, மேட்டர் ஓவர். ஆனா ஃபர்ஸ்ட் பேஸ்ல, அதாவது பேட்டர் அடிச்சுட்டு முதல்ல ஓடிப் போய்த் தொடுற இடத்துல, நிக்கிறவருக்கு அடிக்கிறது மட்டுமா வேலை?

சரி, பேட்டிங்ல இருந்தே ஆரம்பிங்க, ஏன்னா இந்த பொசிஷன்ல அடிக்கலன்னா டீம்ல வச்சுக்க மாட்டாங்க. ஓபிஎஸ் பிளஸ்னு ஒரு நம்பர் இருக்கு, பேட்டர் எவ்வளவு அடிக்கடி பேஸுக்குப் போறாரு, எவ்வளவு பலமா அடிக்கிறாருன்னு சேத்துச் சொல்றது, அதைப் பாருங்க. 100-னா அந்த சீசனோட சராசரி, கிரவுண்டு எப்படி, அந்தக் காலத்துல ரன் ஈஸியா வந்துச்சா இல்லையான்னு எல்லாத்தையும் கணக்குல எடுத்துட்டு வர்ற நம்பர் இது. லூ கெரிக் 179, ஜிம்மி ஃபாக்ஸ் 163, பூஹோல்ஸ் 145. டாட் ஹெல்டனோட பேட்டிங் ஆவரேஜ் .316 (ஆயிரம் தடவை ஆடுனா 316 ஹிட்னு அர்த்தம்), ஆனா அவரு கேரியர் பூரா டென்வர் டீம், 1,600 மீட்டர் உயரத்துல இருக்குற ஊரு, காத்து லேசா இருக்கும், பந்து சும்மா பறக்கும், அதையெல்லாம் கழிச்சா 133. அதுவும் சூப்பர் தான், 2024-ல பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டாரு.

அடுத்தது ஃபீல்டிங், இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ஃபீல்டிங் பெர்சன்டேஜை (வந்த பந்துல எத்தனையைத் தப்பில்லாம கையாண்டாருங்கற சதவீதம்) நம்பாதீங்க, மத்தவங்க எறியிற பந்தைப் பிடிச்சுப் பிடிச்சே அது எல்லாருக்கும் எகிறிடும். காலைப் பாருங்க. ஷார்ட்ஸ்டாப் (செகண்டு, தேர்டு பேஸுக்கு நடுவுல நிக்கிறவரு) பந்தை எடுத்த உடனே இவரு பேஸுக்கு ஓடி வந்து, த்ரோ எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துட்டு அப்புறம் காலை நீட்டணும், முன்னாடியே நீட்டிட்டா பந்து கொஞ்சம் தள்ளி வந்தாலும் போச்சு. தரையில குத்தி வர்ற த்ரோவை நம்ம கிரிக்கெட் கீப்பர் ஸ்டம்ப் பக்கத்துல வழிச்சு எடுப்பாரே அப்படி எடுக்குறாரான்னு பாருங்க, அப்படி எடுக்குறதால ஷார்ட்ஸ்டாப் பேருல விழ வேண்டிய எரர் (ஃபீல்டிங் தப்பு) விழாம போயிடும், இவரு கணக்குலயோ ஆளை அவுட் ஆக்குனதுக்கு வெறும் புட்-அவுட்டுன்னுதான் ஏறும்.

இதுக்கு பாடப்புத்தகம் கீத் ஹெர்னாண்டஸ். 1978-ல இருந்து 1988 வரைக்கும் வரிசையா 11 கோல்டு க்ளவ், அதாவது ஃபீல்டிங்ல பெஸ்ட் ஆளுக்குக் குடுக்குற விருது. பழைய வீடியோல பன்ட் (பேட்டர் பந்தை லேசாத் தட்டி விடுறது) வர்ற நேரமா தேடிப் பாருங்க, மனுசன் பேட்டர் மூஞ்சிக்கு நேரா ஓடி வருவாரு, இடது கைக்காரர்ங்கறதால உடம்பைத் திருப்பாமலே தேர்டு பேஸுக்கு எறிஞ்சுடுவாரு. இவருக்கு இன்னும் ஹால் ஆஃப் ஃபேம் குடுக்கல, கடுப்பா இருக்கு.

ஒரே ஒரு பந்தை வச்சு ஆளை முடிச்சுக் கட்டாதீங்க. பாஸ்டன் டீமோட பில் பக்னர்னு சொன்னா 1986 வேர்ல்டு சீரிஸ் (சாம்பியன்ஷிப் ஃபைனல்) ஆறாவது கேம்ல காலுக்கு நடுவுல பந்தை விட்டது மட்டும்தான் ஞாபகம் வருது, ஆனா அந்தப் பந்து வர்றதுக்கு முன்னாடியே பாஸ்டன் பௌலர் ஒரு வைல்டு பிட்ச் (கேச்சரால பிடிக்க முடியாம தள்ளிப் போற பந்து) போட்டு ஸ்கோர் சமமாயிடுச்சு, அதை யாரும் பேசுறதில்ல. மொத்தம் 2,715 ஹிட் அடிச்ச ஆளு அவரு.

அப்புறம் வருஷத்தைப் பாருங்க. ஹேங்க் கிரீன்பெர்க் 331 ஹோம் ரன் தானான்னு தோணும், ஆனா உலகப் போர்ல ராணுவத்துக்குப் போனதுல நல்ல ஃபார்ம்ல இருந்த வருஷங்கள் போயிடுச்சு. மார்க் மெக்வயர் 1998-ல 70 அடிச்சாரு, 2010-ல ஸ்டீராய்டு எடுத்தேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு, எவ்வளவு கழிக்கணும்ங்கறது உங்க இஷ்டம், நான் நிறையவே கழிப்பேன். யாரு எந்த சீசன்ல எங்க நின்னாங்கன்னும் செக் பண்ணுங்க, மிகேல் கப்ரேரா ட்ரிபிள் கிரவுன் (ஆவரேஜ், ஹோம் ரன், அடிச்சு வர வச்ச ரன், மூணுலயும் லீக்ல முதலிடம்) வாங்குன 2012-ல அவரு நின்னது தேர்டு பேஸ்ல. செகண்டு பேஸ்னு நாம நினைக்கிற ஜாக்கி ராபின்சன் 1947-ல முதல் சீசன் ஆடுனது ஃபர்ஸ்ட் பேஸ்ல.

ஜப்பான்ல ஒத்தைக் காலைத் தூக்கி நின்னு 868 ஹோம் ரன் அடிச்ச சதஹாரு ஓவை மட்டும் இந்த லிஸ்ட்ல கலக்காதீங்க, லீக் வேற, பிட்சருங்க வேற, அவருக்குத் தனியா ஒரு பக்கம் போட்டுடுங்க.