டஃபல் பையை அடுக்குவது எப்படி?

டஃபல் பைக்கு எலும்பு கிடையாது. சூட்கேஸுக்கு இருப்பது போன்ற சட்டமோ ஓடோ இல்லாத துணி உருளை அது. உள்ளே வைக்கும் பொருள்தான் அதை நிமிர்த்த வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் டஃபல் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கு நெய்த முரட்டுக் கம்பளித் துணிக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அமெரிக்காவில் முகாமுக்குப் போகிறவர்களின் துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள்; அவற்றைத் திணித்த பைக்கும் அதுவே பெயராயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்தது கித்தான் பை. வாய் மேல் முனையில் மட்டும்தான். தேடும் காலுறை எப்போதும் அடியில் கிடக்கும். நீளவாக்கில் ஜிப் வைத்த புண்ணியவான் யாரோ, வாழ்க.

முதலில் அளவு. மூன்று நான்கு நாள் பயணத்துக்கு 40 லிட்டர் போதும். 90 லிட்டர் பை வாங்கினால் அதையும் நிரப்பிவிடுவீர்கள். பிறகு தூக்க முடியாது. துணியின் சீட்டில் 600 டெனியர் என்றிருந்தால், அந்த நூல் 9,000 மீட்டருக்கு 600 கிராம் எடை என்று பொருள். எண் கூடக்கூட நூல் தடிமனாகும்.

அடுத்து, பையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஷூவை நிறுத்துங்கள். பக்கச் சுவர் தயார். ஷூவுக்குள் காலுறைகளைத் திணித்துவிடலாம்.

மூன்றாவது, துணிகளைச் சுருட்டுவது. இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, கீழ் விளிம்பை நான்கு விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக மடக்குங்கள். இரு பக்கங்களையும் நடுவுக்கு மடித்து, கழுத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி வாருங்கள். கடைசியில் அந்த மடிப்பு ஒரு பாக்கெட் போலக் கையில் நிற்கும். அதைத் திருப்பிச் சுருளின் மேல் மாட்டினால், தூக்கி எறிந்தாலும் பிரியாது. ஜீன்ஸ் போன்ற தடித்த சுருள்கள் அடியில், மெல்லியவை மேலே. இஸ்திரி போட்ட சட்டையை மட்டும் சுருட்டாதீர்கள். அதற்கு இந்தப் பையே சரிப்படாது.

கனமான பொருள்களை அடிப்பக்கம், நடுவில் வையுங்கள். ஷாம்பு புட்டியைத் தனி பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். ஒருமுறை சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்; போய்ச் சேர்ந்தபோது எல்லாச் சட்டையும் நுரைத்துக்கொண்டிருந்தது.

ஈரத் துணிக்கு வெறும் உறை ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக்கும் இதே பையை எடுத்துப்போகிறவர்கள் வீடு திரும்பியதும் ஜிப்பைத் திறந்து காயவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் துணியில் ஊறிவிடும்.

இப்போது ஜிப்பை மூடி, இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஒரு முனை தாழ்ந்தால், நடுவில் இருக்கும் கனமான பொருளை மறுமுனைப் பக்கம் சற்றே தள்ளுங்கள்.